மண் எறா

முதன்முதலாக நான் அவளைப் பார்த்தபோது அவள் வாயில் ஒரு கூடை இருந்தது. எண்ணூர் கழிமுகத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். பனையோலையில் முடைந்த சின்னப் பறி அது. அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. விரலில் இறால், அவர்கள் பேச்சில் எறா, தட்டுப்பட்டதும் பிடித்துத் தூக்கிப் பறிக்குள் போடுவாள். அந்தப் பக்கத்து இருளர் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள். இறங்கினால், வற்றிய தண்ணீர் மறுபடி ஏறும்வரை நான்கைந்து மணி நேரம் வாயைத் திறக்க முடியாது.

அவ்வளவு நேரமும் என்ன யோசிப்பாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"யாரு யாரு நமக்கு இன்னா செஞ்சாங்கன்னு நெனச்சிகினு கெடப்பேன்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

நான் அப்போது எண்ணூரில் ஒரு சின்ன மீன் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக டைப்பிஸ்ட். ராயபுரத்திலிருந்து தினமும் காலையில் கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் வருவேன். ஆபீஸ் சேர்வதற்குள் ஜாக்கெட்டின் தோளெல்லாம் கரித்தூள். மாநிலத்தின் பெயர் மாறிய சமயம் அது. பழைய தாள்களில் 'மதராஸ்' என்று அச்சடித்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் 'தமிழ்நாடு' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதுதான் நான் அங்கே செய்த முதல் வேலை. ஆபீஸ் என்பது வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகள். ஒன்றில் ஆபீசரும் அவருடைய கண்ணாடிக் குடுவைகளும். இன்னொன்றில் நானும் டைப்ரைட்டரும் ஃபார்மலின் நாற்றமும்.

அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தினக்கூலிப் பட்டியலில் 'மாதிரி சேகரிப்பவர்' என்று இருந்தாள். ஆபீசர் 'எறாக்காரி' என்பார். அவள் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. அவள் ஜனங்களின் பெயர்களை ஒரு காலத்தில் நான் எழுதியிருக்கிறேன். அதனால் என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அவளுடைய குணம் என்னவென்று எனக்குப் புரியவைத்தது ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்காரர். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே தொடங்கியது இது. மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸில் டீ கொடுத்தவர், அவளுக்கு மட்டும் கூரை வாரையில் செருகியிருந்த தகர டப்பாவில் ஊற்றினாராம். அவள் குடித்துவிட்டு டப்பாவைக் கழுவி மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். எட்டு மாதம் கழித்து அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். திருவொற்றியூர் மாப்பிள்ளை வீட்டார் பெரிய எறா இல்லாமல் இலையில் உட்காரமாட்டார்கள் என்று அவளைத் தேடி எங்கள் ஆபீசுக்கே வந்தார்.

"நீ குட்த்த டப்பா ஏங்கிட்டதான் கீது" என்றாள் அவள். "எட்த்துகினு போய்த் தண்ணில வுடு நைனா. எறா தானா வந்து ஏறிக்கும்."

அவர்கள் குடியிருப்பில் ஒருத்தி கூட அவருக்கு ஒரு எறா கொடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

"எட்டு மாசமா மனசுல வெச்சிருந்தியா?" என்று கேட்டேன்.

"மாசம் இன்னா மாசம். பதினாறு தண்ணி வந்து போச்சு." அமாவாசைக்கு ஒன்று, பௌர்ணமிக்கு ஒன்று என்று கழிமுகத்தில் ஏறும் பெரிய தண்ணீரை வைத்துத்தான் அவள் நாட்களைக் கணக்குப் பார்ப்பாள்.

"எங்க சாமியார் மன்னிச்சிடணும்னு சொல்வார்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் எனக்குள் பத்திரமாக இருந்த வயது.

"அவுரு மன்னிக்கட்டும். அவுருக்கு வேற வேல இன்னா கீது?"

அவளுக்குத் தெரிந்ததையும் சொல்லவேண்டும். கழிமுகத்தில் ஆறு இடங்களில் தண்ணீர் பிடித்துவந்து, உப்பு எவ்வளவு என்று ஆபீசர் சோதிப்பார். நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்து விழும். ஒருநாள் கணக்கு ஒத்துவரவில்லை. கடல் சேருமிடத்துத் தண்ணீரைவிட ஆற்றுப் பக்கத்துத் தண்ணீர் உப்பாக இருந்தது. காலை முழுவதும் மறுபடி மறுபடி சொட்டுவிட்டுப் பார்த்தார். தாளைக் கசக்கி எறிந்தார். பறியைக் காலி செய்ய உள்ளே வந்தவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"இது முகத்துவாரத்துத் தண்ணி. இது சேத்துக் கால்வா. ரெண்டையும் மாத்தி ஒட்டிக் கீற சார். இந்தா, இது இன்னிக்குத் தண்ணியே இல்ல. நேத்து எறக்கத்துல புடிச்சது."

ஆபீசர் படகுக்காரனைக் கூப்பிட்டு விசாரித்தார். ஒரு பாட்டில் உடைந்துபோனதால் முந்தின நாள் தண்ணீரை ஊற்றி வைத்ததாக அவன் ஒப்புக்கொண்டான். சீட்டுகளை மாற்றி ஒட்டியதும் கணக்கு நேரானது. "நாக்குலயே லேபரட்டரி வெச்சிருக்காளே!" என்று ஆபீசர் சிரித்தார். குறிப்பில் 'மாதிரிகள் மறுபரிசோதனை செய்யப்பட்டன' என்று எழுதினார். நான் டைப் அடித்தேன்.

"என் நாக்க எழுதுனாரா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ம்" என்றாள்.

ஆபீசர் கெட்டவர் என்று அப்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கடலில்லாத உள்மாவட்டத்துக்காரர். தண்ணீரைக் கண்டால் பயம். சேற்றில் கால் வைக்கமாட்டார். கரையில் பூட்ஸும் குடையுமாக நிற்பார். கடுமையாக உழைப்பார், யாரிடமும் கத்தமாட்டார். ஆனால் அவளிடமிருந்து எதைத் தெரிந்துகொண்டாலும், அடுத்த நாள் காலையில் அது அவருக்கே தோன்றிய மாதிரி ஆகிவிடும். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவளுக்கு ஒன்று தெரிந்திருக்க முடியும் என்பது அவர் மனத்தில் ஏறவேயில்லை.

எறாக் குஞ்சுகள் கடலிலிருந்து வந்து கழிமுகத்தில் எங்கெங்கே தங்குகின்றன என்று அவர் கேட்டார். அவள் தங்கையையும் கூட்டிக்கொண்டு பன்னிரண்டு நாள் சேற்றில் நடந்தாள். அவள் காலால் தடவி இடத்தைக் காட்ட, தங்கை அங்கே சவுக்குக் கம்பு நட்டாள். ஆபீசர் படகில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டார்.

"எல்லாம் உங்க ஜனங்க நல்லதுக்குத்தான்" என்றார். "இந்த இடத்தையெல்லாம் காப்பாத்தணும்."

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. நான்கு கார்பன் வைத்து அடித்தேன். அதில் இரண்டு வாக்கியங்கள் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். தமிழில் சொல்கிறேன். 'கையால் துழாவிப் பிடிக்கும் பழங்குடியினர் இளம் இறால்களை மிதித்து அழிப்பதால், குறியிடப்பட்ட பகுதிகளில் அவர்கள் இறங்குவதைத் தடை செய்யவேண்டும்.' இன்னொன்று: 'இறால் இனங்களை வேறுபடுத்தி அறியும் திறன் இவர்களுக்கு இல்லை, கைக்கு அகப்பட்டதை எடுக்கும் இவர்களது வழக்கம் விலங்குகளின் உள்ளுணர்வைப் போன்றதே.' பாட்டில்களை நாக்கால் பிரித்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். என் விரல்கள் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அன்று சாயங்காலம் நாலேகால் வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

தடை உத்தரவு வந்தது. அது வந்த வாரம், தடையை மீறி இறங்குகிறவர்களின் பெயர்களை எழுதிக்கொள்ள என்னையும் ஜீப்பில் அழைத்துப் போனார்கள். ஆபீசரும் இரண்டு காவலாட்களும் வந்தார்கள். கம்பு நட்ட இடத்தில் ஏழெட்டுப் பெண்கள் துழாவிக்கொண்டிருந்தார்கள். நான் ஜீப்பில் உட்கார்ந்தபடியே பெயர்களைக் கேட்டு எழுதினேன். எழுதுவது எதற்கென்று தெரியாமல் அவர்களும் சொன்னார்கள்.

அவள் தங்கை மட்டும் கரையோரக் கம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்றாள். "நாங்க நட்ட கம்புயா இது! எங்க கம்ப வெச்சி எங்களையே தொரத்துவியா?"

"விரட்டுங்க" என்றார் ஆபீசர், ஜீப்பை விட்டு இறங்காமல்.

ஒரு காவலாள் அவளைத் தள்ளினான். அவள் கரைக் கருங்கல்லில் கையூன்றி விழுந்தாள். ஊன்றிய கையின்மேல் அவன் பூட்ஸ் காலை வைத்து ஏறி நின்றான். அவள் அலறியது எனக்குக் கேட்டது. அக்கா அப்போது கழுத்தளவுத் தண்ணீரில், வாயில் பறியோடு நின்றிருந்தாள். பறியைக் கீழே போடவில்லை. கடித்துக்கொண்டே கரைக்கு நடந்து வந்தாள். பறியை மெதுவாக இறக்கி வைத்தாள். தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். பறியின் விளிம்பில் அவள் பல் பதிந்த இடம் கிழிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். விரல்கள் கோணலாகச் சேர்ந்தன. "வெரலு கீது" என்றாள் அக்கா பிறகு. "எறா தட்னா தெர்ல அதுக்கு." கையால் பிடித்துப் பிழைக்கிற பெண்ணுக்கு அதற்குமேல் என்ன நடக்கவேண்டும்?

பதினைந்து நாள் கழித்து என் மேசைக்கு எதிரில் தரையில் வந்து உட்கார்ந்தாள். ஆபீசர் வெளியே போயிருந்தார். "எங்களப் பத்தி இன்னா எய்திக் கீதோ, அத்தப் படி" என்றாள். அலமாரியிலிருந்து நகலை எடுத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். விலங்குகள் என்று வந்த இடத்தில் நிறுத்தினேன். "படி" என்றாள். முழுவதையும் கேட்டாள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள். மாதிரி எடுக்க ஆள் வேண்டும் என்பதால் அவளுக்கு மட்டும் ஆபீசர் அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார். அவள் ஜனங்கள் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். தங்கையே அவள் கையால் சோறு வாங்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

"எப்படி உன்னால இங்க வரமுடியுது?" என்று கேட்டேன்.

"வேல கீது" என்றாள்.

கையை மிதித்த அந்தக் காவலாள் எதிர்க்கரையில் குடியிருந்தான். இறக்கத் தண்ணீரில் கழிமுகத்தை நடந்தே கடப்பான். அந்த ஐப்பசி மழையில் மணல்திட்டு இடம் மாறியது. எங்கே கால் வைக்கலாம் என்று அவளிடம் கேட்டானாம். "தெர்லயே" என்றிருக்கிறாள். அவனாக ஒரு வழி பார்த்து நடந்தான். அங்கே சேற்றில் திருக்கைகள் படுத்திருந்தன. அவன் கணுக்காலில் ஏறிய முள் நாலு மாதம் அவனை நடக்கவிடவில்லை. திருக்கை எங்கே படுக்கும், அதை எப்படிக் காலை இழுத்து இழுத்து நடந்து விலக்குவது என்று அவர்கள் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

"தெரியும்னா சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நமக்கு இன்னா தெரியும்? படிக்கல நீ?"

அடுத்த வருடம் ஆபீசருக்குப் பெரிய திட்டம் ஒன்று கிடைத்தது. குளம் வெட்டி அதில் எறா வளர்ப்பது. இன்றைக்கு ஊரெல்லாம் செய்கிறார்கள். அன்றைக்கு அது புதுசு. குளத்தடியில் போட மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து லாரி லாரியாகச் செங்களிமண் வந்தது. குளத்தில் விடவேண்டியது கருவரி போட்ட பெரிய எறாவின் குஞ்சு. நாலு மாதத்தில் அது சாண் நீளத்துக்கு வளரும். அதே தண்ணீரில் மண் எறாவின் குஞ்சும் இருக்கும். அது எத்தனை தீனி போட்டாலும் விரல் நீளத்தைத் தாண்டாது. குஞ்சாக இருக்கையில் இரண்டும் தண்ணீரில் போட்ட நூல் துண்டு மாதிரிதான்.

அவள் வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீரோடு குஞ்சுகளை ஊற்றுவாள். ஒரு அருகம்புல்லைப் போடுவாள். "புல்லப் புடிச்சிகினு கம்முனு கீறது பெரிசு. குதிக்கிறது மண்ணு" என்பாள். விரலால் தள்ளித் தள்ளிப் பிரிப்பாள். ஆபீசர் மூன்று முறை அவள் பிரித்ததை லென்சுக்கடியில் வைத்துப் பார்த்தார். பத்துக் குஞ்சு பார்க்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. மூன்று முறையும் ஒன்றுகூடத் தப்பாக இல்லை. நாலாவது முறை அவர் லென்சை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

இரண்டு வாரம் அவள் பிரித்துக் கொட்டிய குஞ்சுகளால் குளம் நிரம்பியது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து பத்து எறா பிடித்து நீளம் அளக்கவேண்டும். குளத்தில் இறங்குகிறவள் அவள். ஆபீசர் கரையில். யார் அளப்பது என்ற பேச்சு வந்தபோது அவளே சொன்னாள்: "டைப்பம்மா அளக்கட்டும் சார். அளந்து அதுவே கையெய்த்துப் போட்டும். நான் ரேக வெக்கிறவ. நாளைக்கு எதுனா பேஜாருன்னா எம்மேல வந்துரும்."

ஆபீசருக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த ஆபீசில் அவள் நம்புகிற ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். 'அளந்தவர், சரிபார்த்தவர்' என்ற இடத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

எறாக்கள் நன்றாக வளர்ந்தன. வளர்ச்சி வரைபடத்தில் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. மூன்றாம் முறை அளக்கும்போதுதான் கவனித்தேன். ராயபுரத்து வீட்டில் எறா உரித்து வளர்ந்தவள் நான். ஒரு எறாவின் தலையோட்டை விரல் தானாக நெம்பியது. உள்ளே கறுப்புச் சேறு. குளத்தில் இருப்பதோ செங்களிமண். இந்த எறா கழிமுகத்து எறா. அனுமதிச் சீட்டோடு விடிகாலையில் கழிமுகத்தில் பிடித்து, பறியின் அடியில் ஈரப்புல்லுக்குள் வைத்துக் குளத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையோட்டை மூடி, அந்த எறாவை ஸ்கேலில் வைத்தேன். நீளத்தை எழுதினேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தப் பெண் கருங்கல்லில் அலறிய நாளிலிருந்து எனக்குள் கிடந்த ஏதோ ஒன்று அன்றைக்குத்தான் மூச்சு விட்டது. நானும் இதில் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒருநாள் ஆபீசருக்கே சந்தேகம் வந்தது. "கரையோரம் சின்னதாவே தெரியுதே?"

"சின்னதுதான் சார் கரைக்கு வரும். பெரிசு வெயிலுக்கு நடுவுல பொதஞ்சிக்கும்."

அடுத்த அறிக்கையில் அதுவும் ஏறியது: 'வளர்ந்த இறால்கள் பகற்பொழுதில் குளத்தின் மையப்பகுதியில் புதைந்து வாழ்வதை நான் கண்டறிந்தேன்.' அதை அடிக்கும்போது சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அறுவடை நாளில் குளக்கரையில் சாமியானா போட்டார்கள். சென்னையிலிருந்து பெரிய இயக்குநர் வந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். கூடவே நாலு கார்களும், கழுத்தில் காமிரா மாட்டிய இரண்டு பேரும். ஆபீசர் புதுச் சட்டை போட்டிருந்தார். வரைபடத்தைப் பலகையில் குத்தி வைத்திருந்தார். அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டி, "ஒவ்வொன்றும் சாண் நீளம் சார்" என்றார்.

மதகைத் திறந்து வலை கட்டினார்கள். தண்ணீர் கலங்கலாக ஓடியது. விரல் நீள எறாக்கள் வந்து விழுந்தன.

"சின்னது முதல்ல வரும் சார். பெரிசு நடுவுல இருக்கு" என்றார் ஆபீசர்.

தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. முழங்கால், கணுக்கால். கடைசியில் செங்களிமண் தரை தெரிந்தது. அது முழுக்க விரல் நீள எறாக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. காமிராக்காரர்கள் கருவியை இறக்கிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆபீசர் பூட்ஸோடு குளத்தில் குதித்தார். முழங்கால்வரை புதைந்தார். குளத்தின் நடுவுக்குத் தத்தித் தத்திப் போய்க் குனிந்து, இரண்டு கைகளாலும் களிமண்ணைத் துழாவினார். புதுச் சட்டை மார்புவரை சேறு. கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. கரையில் நின்ற அவள் கண்கொட்டாமல் அதைப் பார்த்தாள். அவள் தாடை இறுகியிருந்தது. அந்த முகத்தில் அதுதான் சந்தோஷம் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"இவதான் சார்!" என்று ஆபீசர் சேற்றிலிருந்து கத்தினார். "குஞ்சைப் பிரிச்சது இவ! வேணும்னே மண் எறாவைப் போட்டு ஏமாத்திட்டா!"

இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். "குஞ்சிலேயே உனக்கு வித்தியாசம் தெரியுமா?"

"நமக்கு இன்னா தெரியும் சார்" என்றாள் கைகட்டிக்கொண்டு. "கைக்கு வந்தத எட்ப்போம். ஆடு மாடு மாரி. சாருதான் பெரிய கண்ணாடி வெச்சிகினு பாப்பாரு. அவுரே எய்திக் கீறாரு."

"எங்கே எழுதியிருக்கிறார்?"

நான் கோப்போடு தயாராக நின்றிருந்தேன். அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த வாக்கியத்தை எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகப் படித்தார். படித்துவிட்டுக் குளத்தைப் பார்த்தார்.

"இனத்தைப் பிரித்தறிகிற திறமை இவர்களுக்கு இல்லை என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இந்த அம்மா தெரிந்தே மாற்றிப் பிரித்தாள் என்று இப்போது சொல்கிறீர்கள். எதை நான் எழுதிக்கொள்ளட்டும்?"

ஆபீசர் பூட்ஸைச் சேற்றிலிருந்து பிடுங்கப் பார்த்தார். பூட்ஸ் வரவில்லை, கால் மட்டும் வந்தது. ஒரு காலில் மேஜோடுடன் கரையேறினார்.

கார்கள் போனதும் அவள் ஜனங்கள் பறிகளோடு குளத்தில் இறங்கினார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. தங்கையும் வந்து, இடது கையால் எறாக்களை அள்ளிப் போட்டாள். நடுவில் நிமிர்ந்து, "யக்கா, இங்க வா, இங்க ஜாஸ்தி கீது" என்று கூப்பிட்டாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் அக்காவோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஆபீசரைக் கடலே இல்லாத ஒரு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அவர் அறிக்கையை நம்பிப் போட்ட தடையை அதற்குப் பிறகு யாரும் கண்டுகொள்ளவில்லை. பெண்கள் மறுபடி கழிமுகத்தில் இறங்கினார்கள்.

மூன்று வாரம் கழித்து எனக்கு ஒரு மெமோ வந்தது. எட்டு அளவுப் பட்டியல்களிலும் இருந்த கையெழுத்து என்னுடையது. குளத்தில் இல்லாத எறாவை எப்படி அளந்தாய் என்று கேட்டிருந்தார்கள். தற்காலிக வேலைதானே, ஒரே வரியில் முடிந்துவிட்டது. ஒரு வருடம் வீட்டில் கிடந்து, பிறகு காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் பில் எழுதச் சேர்ந்தேன். அந்த ஒரு வருடமும் அவளை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பழிவாங்கக் கூடச் சேர்ந்தவளை இப்படி மாட்டிவிட்டுவிட்டாளே, யோசிக்காமல் செய்துவிட்டாளே என்று.

நாலைந்து வருடம் போயிருக்கும். திருவொற்றியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தேன். பெஞ்சில் பக்கத்தில் ஒருத்தி வந்து எறாக் கூடையை இறக்கினாள். அவள்தான். முன்பல் ஒன்று போயிருந்தது.

"நல்லா கீறியா டைப்பம்மா?"

"உன்னாலதான் எனக்கு வேலை போச்சு" என்றேன். "நீ யோசிக்காம என்னைக் கையெழுத்துப் போட வெச்சிட்ட."

"யோசிச்சிதான் வெச்சேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் என்னை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை, குத்தலும் இல்லை.

"சாரு எய்துனத நீதான அட்ச்ச? என் நாக்கப் பாத்துக்கினு இருந்தவதான நீ? எங்க ஜனங்க பேரு எல்லாம் நீதான ஜீப்ல குந்திகினு எய்துன?"

"நான் உன் பக்கம்தான் இருந்தேன். அந்தச் சேத்தைப் பார்த்துட்டும் வாயைத் திறக்கலியே! அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தவளே நான்தானே!"

"அது அப்பால. நான் ஒன்னக் கூட்டு சேரச் சொல்லலியே."

"எனக்கு அடிக்கச் சொன்னாங்க, அடிச்சேன். நான் என்ன பண்ணியிருக்க முடியும்?"

அவள் கூடைமேல் போட்டிருந்த ஈரச் சாக்கைச் சரிசெய்தாள்.

"தங்கச்சி கைய மிதிச்சானே, முள்ளு குத்திக் கெடக்க சொல்ல அவனப் போய்ப் பாத்தேன்" என்றாள். "அவனும் இத்தான் சொன்னான்."

வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் முண்டியடித்து ஏறியவள், ஜன்னலோரம் கூடையை வைத்து எனக்கும் சேர்த்து இடம் பிடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்டையார்பேட்டை தாண்டும்வரை ஏதாவது பதில் சொல்லிவிடவேண்டும் என்று தேடிக்கொண்டே வந்தேன். ராயபுரத்தில் நான் எழுந்தபோது, அவள் கூடையை இழுத்துக் காலுக்கிடையில் வைத்து எனக்கு வழிவிட்டாள்.